ஃபைலில் இல்லாத தாள்: சேர்க்கைக் கட்டுரையும் தாம்பரத்து மாணவர்களும்

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரங்களில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என எந்த ஊரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைப் பார்க்கலாம். பிள்ளையின் கையில் இருக்காது, அம்மாவின் கையில் இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., நடத்தைச் சான்று, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல். அந்த ஃபைலில் உள்ள ஒவ்வொரு தாளும் அந்தப் பிள்ளையைப் பற்றியது. ஒன்றைக்கூட அந்தப் பிள்ளை எழுதவில்லை.

சில ஆண்டுகளாக அந்த ஃபைலில் இன்னொரு தாளுக்கு இடம் கேட்கப்படுகிறது. மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதித் தரவேண்டிய தாள் அது. அமெரிக்கக் கல்லூரிகளின் பொது விண்ணப்பம் 650 சொற்களுக்கு மிகாத கட்டுரை கேட்கிறது. பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பம் 4,000 எழுத்துகளுக்குள் தன்விளக்கம் கேட்டு வந்தது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறது. முதுகலைக்கு வெளிநாடு போகும் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் எழுதும் 'எஸ்.ஓ.பி.' என்ற நோக்க அறிக்கை இந்த வகையின் மூத்த பிள்ளை. உள்நாட்டிலும் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டுரையைச் சேர்க்கையின் பகுதியாக்கியுள்ளன. சென்னை ஐ.ஐ.டி. தன் ஐந்தாண்டு எம்.ஏ. படிப்புக்கு அண்மைக் காலம் வரை நடத்திய நுழைவுத் தேர்வில் அரை மணி நேரக் கட்டுரைப் பகுதி ஒன்று இருந்தது. அதில் தலைப்பு பொதுவானது, எழுதுபவரின் வாழ்க்கை அங்கே கேட்கப்படவில்லை. இங்கே நான் பேசுவது வாழ்க்கையைக் கேட்கும் கட்டுரையைப் பற்றி.

கேள்வி இதுதான்: மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் சேர்க்கைக்குப் பழகிய தமிழ்நாட்டு மாணவர், அதிலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர், இந்தத் தாளால் பயனடைகிறாரா, பின்தள்ளப்படுகிறாரா? பல ஆண்டுகளாகக் கிழக்குத் தாம்பரத்தில் சனிக்கிழமை மாலைகளில் இத்தகைய வரைவுகளைப் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன். அந்த அனுபவம் இந்தக் கட்டுரைக்குத் தூண்டுதல். ஆனால் முடிவுகளை அதிலிருந்து மட்டும் எடுக்கவில்லை.

1. யாரைச் சேர்ப்பது என்ற பழைய வழக்கு

யாருக்குக் கற்பிக்கலாம் என்பதைத் தமிழ் இலக்கணம் வெளிப்படையாகவே பேசியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் சொல்லத் தக்கவர் என ஆறு பேரைப் பட்டியலிடுகிறது: ஆசிரியரின் மகன், ஆசிரியருக்கு ஆசிரியராக இருந்தவரின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகத் தருபவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதை உள்வாங்கிக் கொள்பவன். ஆறில் கடைசி ஒன்றுதான் திறமை. ஐந்தாவது, பணிவு. முதல் நான்கும் பிறப்பும் பணமும். பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. பழைய மாணவரின் பிள்ளைக்கும் நன்கொடையாளரின் பிள்ளைக்கும் அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பல காலமாகத் தந்துவரும் முன்னுரிமையை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொலைவு அதிகமில்லை. நன்னூல் எழுதிவைத்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

உ.வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த நாளை 'என் சரித்திரம்' விரிவாகச் சொல்கிறது. பாடலைச் சொல்லச் செய்து, பொருள் கேட்டு, ஆசிரியரே நேரில் எடைபோட்ட சேர்க்கை அது. அங்கே தேர்ந்தெடுத்தவர், தேர்ந்தெடுக்கப்பட்டவரோடு ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வாழப்போகிறவர். தவறாகத் தேர்ந்தால் சுமை அவர் தலையில்தான். ஆயிரக்கணக்கானோரை ஒரு குழு தேர்ந்தெடுக்கும் நவீனக் கல்லூரிக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. ஆளைப் பார்த்து எடைபோடும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் பெரியகருப்பன் வழக்குத் தீர்ப்பு நல்ல ஆவணம். 1970-71 கல்வியாண்டுக்குத் தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடந்த சேர்க்கை அதில் கேள்விக்குள்ளானது. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியேயான சேவை, உடல்நிலை, பொதுத் திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகளில் அந்த 75 வழங்கப்பட வேண்டும் என்பது விதி. குழுக்களோ தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் போட்டிருந்தன. கல்லூரிகளைப் பல அலகுகளாகப் பிரித்து அலகுக்கு ஒரு குழு வைத்ததையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 75 என்ற ஒதுக்கீடே அதிகம் எனக் கருதியது. பத்தாண்டு கழித்து, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் இன்னும் துல்லியமான காட்சி கிடைக்கிறது. ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்கப்பட்டவை பெற்றோர் யார், வீடு எங்கே என்பவை. நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று அந்தத் தீர்ப்பு வரையறுத்தது.

பெற்றோர் யார், வீடு எங்கே. நம் சமூகத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்படிப்புகளுக்கு நேர்முகத்தின் இடத்தில் பொது நுழைவுத் தேர்வு வந்தது. அது பயிற்சி மையங்களுக்குத்தான் உதவுகிறது என்ற வாதம் வலுத்து, 2006இல் இயற்றிய சட்டத்தின் வழியே அதுவும் நீங்கியது. இடையில் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர கவுன்சலிங்கைக் கொண்டுவந்திருந்தது. கட்-ஆஃப், தரவரிசை, இனவாரி ஒதுக்கீடு. திரையில் ஓடும் எண்களைப் பார்த்துத் தானே இடத்தைத் தேர்ந்துகொண்டு, யாருக்கும் வணக்கம் வைக்காமல் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் வெளியே வர முடிந்தது.

இதன் அடியில் ஒரு கொள்கை இருக்கிறது: நீதி வேண்டுமென்றால் ஆளை மறை. பொதுத்தேர்வு விடைத்தாளின் முகப்பு நீக்கப்படுகிறது. திருத்துபவருக்குப் பெயரோ பள்ளியோ தெரியாது. தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதும்போதுகூட அனுப்புநர் இடத்தில் 'அ அ அ' என்றும் முகவரியில் 'இ இ இ' என்றும் எழுதவே கற்பிக்கிறோம். சாதிப் பின்னொட்டைத் துறந்து முதலெழுத்தோடு நின்ற ஒரு சமூகத்துக்கு இந்த மறைப்பு இயல்பாகப் பொருந்தியது.

மதிப்பெண் குறையற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்து 2021இல் அறிக்கை அளித்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, வசதியுள்ளோருக்கும் நகர மாணவருக்கும் அது சாதகமாக இருப்பதை எடுத்துக்காட்டியது. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தேவைப்பட்டதே அதனால்தான். மதிப்பெண்ணுக்குப் பின்னாலும் வீட்டின் வசதி நிற்கிறது. ஆனால் அந்தச் சாய்வை எண்ணிப் பார்க்கலாம்; எண்ண முடிந்ததால் ஒதுக்கீட்டால் ஈடுகட்டவும் முடிந்தது. கட்டுரையின் சாய்வை எதைக் கொண்டு எண்ணுவது என்பதுதான் அடுத்த சிக்கல்.

2. கட்டுரை எங்கிருந்து வந்தது

மாணவரை முழுமையாகப் பார்க்கவே கட்டுரை என்பது இன்று சொல்லப்படும் காரணம். வரலாறு அதைவிடக் கசப்பானது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றின் சேர்க்கை வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதிய சமூகவியலாளர் ஜெரோம் கராபெலின் 2005ஆம் ஆண்டு நூல் இதில் அடிப்படையானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரிகள் பெரிதும் தேர்வு மதிப்பெண்ணையே பார்த்தன. குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் தேர்வில் வென்று உள்ளே வந்தார்கள். 1922 வாக்கில் ஹார்வர்டின் முதலாண்டு மாணவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள். தலைவர் லாரன்ஸ் லோவெல் அதற்கு உச்சவரம்பு கேட்டார். நேரடி வரம்புக்கு எதிர்ப்பு வந்தது. அதன் பின் 'குணநலன்' என்ற அளவுகோல் சேர்க்கைக்குள் வந்தது. புகைப்படம், பரிந்துரைக் கடிதம், நேர்முகம், தன்னைப் பற்றிய எழுத்து என்று விண்ணப்பம் வளர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் அதற்குச் சற்று முன்பே தந்தையின் பெயரையும் பிறந்த இடத்தையும் படிவத்தில் கேட்கத் தொடங்கியிருந்தது.

ஆக, மதிப்பெண்ணால் உள்ளே வந்தவர்களைக் குணத்தின் பெயரால் வடிகட்டப் பிறந்த ஏற்பாட்டின் ஒரு கிளைதான் சேர்க்கைக் கட்டுரை. தமிழ்நாடு நேர்முகத்தைக் கைவிட்ட பாதைக்கு நேர் எதிர்த்திசையில் போன பாதை. இந்த எதிரெதிர் ஓட்டத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்காமல், கட்டுரையை நவீனம் என்றும் கட்-ஆஃபைப் பழமை என்றும் பேசுவது சரியல்ல.

பிறப்பை வைத்து மட்டும் எதையும் தள்ளிவிடவும் முடியாது. பிற்காலத்தில் அதே கருவி, கறுப்பின மாணவரும் ஏழை மாணவரும் தம் நிலையை எடுத்துச் சொல்லும் வழியாகவும் பயன்பட்டது. 2023 ஜூன் 29 அன்று, இனத்தைக் கணக்கில் கொள்ளும் சேர்க்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதைப் பல்கலைக்கழகம் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். கதவை மூடிய கையே கட்டுரை என்ற சாளரத்தைத் திறந்து வைத்தது. இதே வழக்கின் விசாரணையில் வெளிவந்த ஹார்வர்டு தரவுகளில், ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குத் 'தனிப்பண்பு' மதிப்பீடு சராசரியாகக் குறைவாக இருந்தது. அதன் காரணம் பற்றி இரு தரப்பும் முரண்பட்டன. காரணம் எதுவானாலும், ஆளை எடைபோடும் இடத்தில் எடைக்கல் யாருடையது என்ற கேள்வி தீரவில்லை என்பதை அது காட்டுகிறது.

3. கட்டுரை எதை அளக்கிறது

கட்டுரையை ஆதரிப்போரின் வாதத்தை அதன் வலுவோடு சொல்லிவிட வேண்டும். 600க்கு 540 வாங்கிய இருவரில் ஒருவர் தனியார் டியூஷனோடு படித்தவர். மற்றவர் விடியற்காலையில் தாயோடு பூக்கட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்தவர். எண் இருவரையும் ஒன்றாக்குகிறது. கட்டுரை அந்த வேறுபாட்டைச் சொல்ல இடம் தருகிறது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் சான்று வேறு பக்கம் சாய்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஏறத்தாழ 60,000 விண்ணப்பங்களின் கட்டுரைகளை ஏ.ஜே. ஆல்வெரோவும் சக ஆய்வாளரும் கணினி முறையில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டனர். எதைப் பற்றி எழுதினார்கள், எந்த நடையில் எழுதினார்கள் என்ற இரண்டுமே குடும்ப வருமானத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பைவிட அது வலுவாக இருந்தது. எஸ்.ஏ.டி. வசதியுள்ளவருக்குச் சாதகமானது என்று அதைக் கைவிட்ட அதே பல்கலைக்கழகத்தில் கண்ட முடிவு இது.

நான் படித்த வரைவுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. எண்ணிக்கை ஆய்வு செய்யும் அளவுக்கு அவை இல்லை. ஆனால் நல்ல வரைவு எங்கே உருவாகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். எழுதியவரின் வாழ்க்கை எவ்வளவு செறிவானது என்பதால் அது உருவாவதில்லை. முதல் வரைவுக்கும் ஏழாவது வரைவுக்கும் நடுவே, 'இது உண்மையிலேயே நீ நினைத்ததா?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தாரா என்பதே தீர்மானிக்கிறது. கட்டுரை மாணவரை அளப்பதாகச் சொல்கிறது. அது அளப்பது மாணவருக்கு வாய்த்த வாசகரை.

4. மனுவும் பொதுக்கட்டுரையும்

தாம்பரத்து மாணவர் முதல் வரைவை எப்படி எழுதுகிறார்? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது' என்று இதை ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் ஒரு தடைதான். அதற்கு முன்னால் வேறொன்று நிற்கிறது. தன்மையில் எழுதுவதற்கு நம் மாணவரின் கையில் இரண்டே வடிவங்கள் உள்ளன.

ஒன்று, பள்ளிப் பொதுக்கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே துணைத்தலைப்புகள், இரண்டு மேற்கோள், அடிக்கோடு. உரைநூலில் இருந்து மனப்பாடமாக வருவது. தலைப்பு சாலைப் பாதுகாப்பாகவோ நெகிழி ஒழிப்பாகவோ இருக்கும். அதில் 'நான்' வருவதில்லை. 'நாம்' வரும், 'நாம் அனைவரும் உறுதியேற்போம்' என்று முடியும். பன்னிரண்டு ஆண்டு பெயரை மறைத்து எழுதப் பழகிய கை அது. அந்தப் பழக்கத்துக்கான காரணம் நியாயமானது என்று மேலே சொன்னேன். அதே கையிடம் ஒரு டிசம்பர் மாதத்தில் 'உன்னைப் பற்றி எழுது' என்றால் அது திகைக்கிறது.

இன்னொரு வடிவம், மனு. நம் வீடுகளில் ஒருவர் தன்னைப் பற்றித் தாளில் எழுதும் ஒரே சந்தர்ப்பம் அதுதான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள் கூட்டத்துக்கு எடுத்துப்போகும் தாள். 'மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். எனது கணவர் காலமாகிவிட்டார். எனக்கு வேறு வருமானம் இல்லை. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து...' இந்த வடிவத்துக்குத் தனி ஒழுங்கு உண்டு: நிலை, இல்லாமை, வேண்டுகோள். எழுதுபவர் தாழ்ந்தும் படிப்பவர் உயர்ந்தும் நிற்பார்கள். மாணவர்களின் முதல் வரைவில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதிய மனுக்களாகவே எனக்குப் பட்டிருக்கின்றன. தந்தையின் தொழில், தாயின் நோய், வாடகை, கடன், கடைசியில் உங்கள் மேலான நிறுவனத்தில் ஓர் இடம். படிப்பவருக்கு மாணவரின் வறுமை தெரிகிறது, மாணவர் தெரிவதில்லை.

இதை மாணவரின் குறையாகச் சொல்ல நான் மறுக்கிறேன். மனு, அதிகாரத்தின் முன் ஏழை நிற்கக் கற்றுக்கொண்ட மொழி. தாத்தா பட்டாவுக்கும் அப்பா ரேஷன் அட்டைக்கும் அந்த மொழியில்தான் எழுதினார்கள், அது வேலையும் செய்தது. மாணவருக்குக் கையிலிருக்கும் ஒரே கருவியை அவர் எடுக்கிறார். அந்தத் தாள் இப்போது போய்ச்சேரும் மேசையில் வேறு கருவியை எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் பட்டதாரி என்ற ஒரே உண்மையை இரண்டு உலகமும் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் இது துலங்கும். தமிழ்நாட்டில் 2010 முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த்துறையிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். அது எப்படி இருந்தது, என்ன வலித்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பது அங்கே ஒரு மரியாதை. அமெரிக்க விண்ணப்பத்தில் அதே உண்மை ஒரு கதையாக வேண்டும். கதையில் திருப்பம் வேண்டும், வளர்ச்சி வேண்டும். சான்றிதழ் உரிமையைத் தருகிறது. கதை, சொல்லத் தெரிந்தவருக்குத் தருகிறது.

5. காயத்துக்கு விலை

கதை கேட்கும் இடத்தில் எந்தக் கதைக்கு மதிப்பு அதிகம் என்ற கணக்கு தானாகவே தொடங்கும். துயரம் விலைபோகும் என்று மாணவர்கள் சீக்கிரமே கண்டுகொள்கிறார்கள். 2024இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில், உயிரோடிருக்கும் தந்தை இறந்துவிட்டதாகப் பொய் ஆவணம் காட்டி முழு உதவித்தொகையோடு சேர்ந்த இந்திய மாணவர் ஒருவர் பிடிபட்டார். அந்தப் பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பொய்க்கு அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

பொய் சொல்லாதவர்களின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தலித் மாணவர் ஒருவரிடம் 'நீ பட்ட அவமானத்தை எழுது, அது வலுவாக இருக்கும்' என்று சொல்வது பயிற்சியாளருக்கு எளிது. அவர் எழுதத் தொடங்கியதும் இரண்டு சுமை சேர்கிறது. சாதி என்பது என்னவென்று தெரியாத வாசகருக்கு 650 சொல்லில் பாதியை விளக்கத்துக்கே செலவிட வேண்டும். மீதியில் தன் ஆறாத காயத்தை ஆறிவிட்டதாக முடித்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் கட்டுரை மேல்நோக்கி முடிந்தாக வேண்டும். ஒருமுறை ஒரு மாணவர், நன்றாகவே எழுதியிருந்த ஒரு பத்தியை அழித்துவிட்டு வந்தார். 'இது எங்க அம்மாவுக்கு நடந்தது. இதை வச்சு நான் சீட் வாங்கக் கூடாது' என்றார். அவர் கடைசியில் கால்பந்து பற்றி எழுதினார். அது சுமாரான கட்டுரை. நான் மாற்றச் சொல்லவில்லை.

தன் வாழ்வில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்ற தேர்வு பதினேழு வயதினருக்கும் உரியது. இவ்வகைக் கட்டுரை பற்றிய விவாதங்களில் சொல்லும் உரிமை பேசப்படும் அளவுக்குச் சொல்லாமலிருக்கும் உரிமை பேசப்படுவதில்லை.

6. சந்தை

வெற்றிடம் இருக்கும் இடத்தில் கன்சல்டன்சி வரும். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் குரோம்பேட்டை முதல் பொத்தேரி வரை பொறியியல் கல்லூரிகள் நிறைந்த பகுதி இது. வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் பலகைகளுக்கும் குறைவில்லை. எஸ்.ஓ.பி., எல்.ஓ.ஆர். என்ற பரிந்துரைக் கடிதம், விசா எல்லாம் ஒரே தொகுப்பு. பொறுப்போடு வழிநடத்துபவர்களும் அதில் உண்டு. ஆனால் அச்சு வைத்து வார்ப்பதே எளிது. 'சிறுவயதில் அப்பா வாங்கித்தந்த பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்தேன், அன்றே இயந்திரப் பொறியியல்மீது ஆர்வம் பிறந்தது' என்ற தொடக்கத்தை வெவ்வேறு மாணவரின் தாள்களில் நான் பலமுறை படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரிடம் என்ன கார் என்று கேட்டேன். பதில் இல்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு அந்த அச்சை இலவசமாக்கிவிட்டது. டியூக் பல்கலைக்கழகம் 2024இல் கட்டுரைக்கு எண் மதிப்பீடு தருவதை நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இயந்திரம் எல்லாரையும் சமமாக்கும் என்ற நம்பிக்கையும் பொய்க்கிறது. ஆல்வெரோ குழுவின் 2024 ஆய்வில், இயந்திரம் எழுதிய கட்டுரைகள் வசதிமிக்க பின்னணி கொண்ட ஆண் மாணவரின் நடையையே பெரிதும் ஒத்திருந்தன. முடிச்சூர் மாணவி அதைக் கேட்டு வாங்கினால் அவளுக்குக் கிடைப்பது இன்னொருவரின் குரல்.

7. முடிச்சூரிலிருந்து ஒரு வரைவு

முடிச்சூர் என்று சும்மா சொல்லவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரைமீறியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களும் மூழ்கின. அந்த வெள்ளத்தில் சிறுவராக இருந்தவர்கள் அண்மை ஆண்டுகளில் கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள். சந்தித்த ஓர் இடரைப் பற்றி எழுது என்ற கேள்விக்கு அவர்களில் பலரும் வெள்ளத்தை எழுதினார்கள். பெரும்பாலும் ஒரே கட்டுரை: மழை, படகு, மீட்பு, விடாமுயற்சி, சிவில் இன்ஜினியரிங்.

ஒரு மாணவியின் ஆங்கில வரைவும் அப்படித்தான் இருந்தது. வெள்ளம் தனக்கு வாழ்க்கையைக் கற்றுத்தந்தது என்று முடித்திருந்தாள். தாளை மூடிவைத்துவிட்டு, அன்று என்ன பார்த்தாய் என்று தமிழில் எழுதித் தரச் சொன்னேன். தலைப்பு வேண்டாம், முன்னுரை வேண்டாம், தவறு பார்க்க மாட்டேன் என்றேன். இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா ஃபைலில் இருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலேயும் கீழேயும் செய்தித்தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் ஓட்டிக் காயவைத்தாள். சீல் இருந்த இடத்தில் மட்டும் பெட்டியை வைக்கவில்லை. முதலில் எடுத்த அப்பாவின் டி.சி.யில் ஊதா மை பரவிப் பெயர் படிக்க முடியாமல் போயிருந்தது. அரசு நடத்திய சிறப்பு முகாமில் மாற்றுச் சான்றிதழ் வாங்க நாள் முழுக்க நின்றார்கள். அந்தப் பக்கத்தில் 'விடாமுயற்சி' என்ற சொல் இல்லை.

இந்த அனுபவத்திலிருந்து என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் சேர்க்கைக்குள் தன்விளக்கக் கட்டுரையைக் கொண்டுவர யாராவது முன்மொழிந்தால் எதிர்க்க வேண்டும். 275இல் 75 என்ற பழைய வழக்கை வேறு பெயரில் மறுபடி தொடங்குவதாகும் அது. ஆனால் வெளியே அந்தக் கட்டுரை இருக்கிறது, நம் பிள்ளைகள் அந்த வாசலிலும் போய் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தேவை வார்ப்புரு அல்ல, தன்மையில் எழுதும் பழக்கம். அதற்கான இடம் பதினொன்றாம் வகுப்பின் தமிழ் வகுப்புதான். மதிப்பெண் இல்லாமல், துணைத்தலைப்பு இல்லாமல், மாதம் ஒரு பக்கம். திருத்தச் சிவப்பு மை வேண்டாம், படித்துவிட்டுக் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும். ஆங்கிலம் அதற்குப் பிறகு வரட்டும். சேர்க்கைக்கு விண்ணப்பிக்காத பிள்ளைக்கும் இது வேண்டும். இதற்கு வாசகர்கள் தேவை. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் இங்கே இடம்பெயர்ந்த நாளிலிருந்து தாம்பரம் ஆசிரியர்கள் வாழும் ஊர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நூலகங்களில் மேசையும் இருக்கிறது.

அந்த மாணவி மறுவாரம் வந்தபோது தமிழ்ப் பக்கத்தில் ஓரிடத்தில் அடித்து எழுதியிருந்தாள். வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாளாம். முதலில் காயவைத்தது அப்பாவின் டி.சி. இல்லை என்று அம்மா திருத்தியிருக்கிறார். அது அம்மாவுடைய சொந்தப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கணக்கில் 29. அப்படி ஒரு தாள் அந்த ஃபைலில் இருப்பதே மகளுக்கு அன்றுவரை தெரியாது. அதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். மார்க்கை மட்டும் போட வேண்டாம் என்றாராம். அதனால் அந்த வரியில் எண் இல்லாமல், 'அம்மாவின் மார்க் ஷீட்' என்று மட்டும் இருந்தது.